வெள்ளணுவும் வினைச்சொல்லும்: பக்கவாதத்தைத் தமிழில் விளக்குதல்



இவ்வுரைத் தொடரில் பேச என்னை அழைத்தவர்கள், தொல்காப்பியத்தின் ஏதேனும் ஓர் இயலைப் பற்றியோ சிங்கப்பூர்த் தமிழரின் பேச்சு வழக்கைப் பற்றியோ நான் பேசுவேன் என்று எதிர்பார்த்திருக்கலாம். மூளைக்குச் செல்லும் குருதி அடைபட்டவர்களின் உடலில் வெள்ளணுக்கள் என்ன செய்கின்றன என்பதைப் பற்றிப் பேச விரும்புகிறேன் என்றபோது, தொலைபேசியின் மறுமுனையில் சற்று நேரம் ஓசையே இல்லை. பிறகு, "ஐயா, அது மருத்துவர்கள் பேச வேண்டியதல்லவா?" என்று பணிவாகக் கேட்டார்கள்.

உண்மைதான். மருத்துவம் என் துறையன்று. இவ்வுரையின் மருத்துவப் பகுதிகளை நரம்பியல் மருத்துவரான நண்பர் ஒருவர் படித்துத் திருத்தித் தந்தார். பிழை ஏதும் எஞ்சியிருப்பின் அது என்னுடையது. ஆயினும், மருத்துவம் கண்டறிந்த ஒன்றைத் தமிழில் எடுத்துச் சொல்லும்போது நாம் எந்த இடத்தில் தடுக்கி விழுகிறோம் என்பது மொழியியல் சார்ந்த கேள்வி. நான் அப்படித் தடுக்கி விழுந்தவன். அந்த இடத்திலிருந்தே தொடங்குகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் என் அத்தானுக்குப் பக்கவாதம் வந்தது. வலக்கையும் வலக்காலும் செயலற்றுப்போயின. பேச்சு நின்றுவிட்டது. மூளையின் இடப்பக்கம் பாதிக்கப்பட்டால் பேச்சு ஏன் போகிறது என்பதைப் பற்றி நான் வகுப்பறையில் பலமுறை பாடம் நடத்தியிருக்கிறேன். என் அக்கா என்னிடம் அதைக் கேட்கவில்லை. அவர் கேட்டவை வேறு இரண்டு கேள்விகள்.

முதல் நாள், இளம் மருத்துவர் ஒருவர் குருதிச் சோதனை முடிவைப் பார்த்துவிட்டு, வெள்ளணுக்களின் எண்ணிக்கை கூடியிருப்பதாகவும் அது அவ்வளவு நல்ல அறிகுறியன்று என்றும் ஆங்கிலத்தில் சொன்னார். நான் மொழிபெயர்த்தேன். அக்கா என்னை வியப்போடு பார்த்தார். "வெள்ளணு கூடினா நல்லதுதானே தம்பி? அதுதானே கிருமியோட சண்டை போடுறது?" என்றார். எனக்கு விடை தெரியவில்லை. மருத்துவரும் அடுத்த கட்டிலுக்குச் சென்றுவிட்டார்.

நான்காம் நாள் அத்தானுக்குக் காய்ச்சல் கண்டது. நிமோனியா என்றார்கள். அக்கா மறுபடியும் கேட்டார்: "அவ்வளவு வெள்ளணு இருந்தும் நெஞ்சுல எப்படித் தம்பி சளி கட்டுச்சு?"

இரண்டும் கூர்மையான கேள்விகள். அவற்றை அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். வெள்ளணு கூடுவது ஏன் கெடுதல் என்பது முதற்கேள்வி. கூடியும் அது ஏன் காக்கவில்லை என்பது இரண்டாவது. ஆறு பிள்ளைகளில் மூத்தவராகப் பிறந்து, தொடக்கப்பள்ளியோடு படிப்பை நிறுத்திய ஒருவர் கேட்ட இந்த இரண்டு கேள்விகளையும் பற்றி, உலகின் பெரிய ஆய்வுக்கூடங்கள் முப்பது ஆண்டுகளாக ஆராய்ந்து வருகின்றன என்பதைப் பின்னர்தான் அறிந்தேன்.

முதலில் நோயின் பெயரைப் பார்ப்போம். பக்கவாதம் என்பதில் உள்ள 'வாதம்' வழக்கு மன்றத்து வாதமன்று, காற்று. சித்த மருத்துவத்தின் வளி, அழல், ஐயம் என்ற மூன்றில் வளியைக் குறிப்பது. இலங்கைத் தமிழர் இதனைப் பாரிசவாதம் என்பர். அங்கும் பக்கமும் காற்றும்தான். இந்த நாட்டில் இதில் நாம் தனியாக இல்லை என்பதே சுவையான செய்தி. மலாய்க்காரர்களின் பழைய பெயர் 'அங்கின் அஹ்மார்', அதாவது செங்காற்று. சீனமொழியில் 'ஜோங் ஃபெங்', காற்றால் தாக்குண்ட நிலை. ஆங்கிலச் சொல்லோ, இறைவனின் கைபட்ட அடி என்ற பழந்தொடரின் எச்சம். சிங்கப்பூரின் நான்கு அதிகாரத்துவ மொழிகளில் மூன்று காற்றைக் குறை சொல்கின்றன, ஒன்று கடவுளைச் சொல்கிறது. குருதி என்ற சொல் எதிலும் இல்லை.

பழம்பெயர்களைக் கேலி செய்வது என் நோக்கமன்று. எந்த மொழியும் தன் காலத்து அறிவைக் கொண்டுதான் பெயரிடும். ஆனால் பெயர்கள் உறவினரைச் சேர்த்துவைக்கும். முடக்குவாதம் மூட்டுகளின் நோய். இளம்பிள்ளை வாதம் ஒரு வைரஸின் வேலை. பக்கவாதம் பெரும்பாலும் மூளையின் குருதிக்குழாயில் நேரும் அடைப்பு. காரணத்தில் ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாத மூன்று நோய்களைத் தமிழ் ஒரே குடும்பமாக்கி வைத்திருக்கிறது. முடக்குவாதத்துக்கு எண்ணெய் தேய்த்து இதம் கண்டவர், பக்கவாதத்துக்கும் எண்ணெய்க் கிண்ணத்தைத் தேடுகிறார். 'விடியட்டும், பார்த்துக்கொள்ளலாம்' என்கிறார். பெரிய குருதிக்குழாய் ஒன்று அடைபடும்போது, சிகிச்சை கிடைக்காத ஒவ்வொரு நிமிடத்திலும் ஏறத்தாழ 19 இலட்சம் நரம்பணுக்கள் அழிகின்றன என்று 2006இல் ஓர் அமெரிக்க நரம்பியலாளர் கணக்கிட்டுக் காட்டினார். கட்டியைக் கரைக்கும் ஊசிமருந்தைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். குழாய்வழியே கட்டியை இழுத்தெடுக்கும் முறைக்குச் சிலருக்கு 24 மணி நேரம் வரையிலும் வாய்ப்புண்டு, ஆனால் அங்கும் முந்துவோரே மிகுதியாகப் பிழைக்கிறார்கள். வாய் கோணினாலோ, ஒரு கை தளர்ந்தாலோ, பேச்சு குழறினாலோ இங்கு 995ஐ அழைக்க வேண்டும், மலேசியாவில் 999ஐ.

இதனோடு 'மாரடைப்பு' என்ற சொல்லை ஒப்பிடுங்கள். ஆங்கிலம் இதயத்தின் மேல் 'தாக்குதல்' என்கிறது. தமிழோ 'அடைப்பு' என்று உள்ளே நடப்பதையே சொல்லிவிட்டது. மாரடைப்பு என்றதும் எண்ணெய் தேடுவார் எவரும் இல்லை. 'மூளையடைப்பு' என்று சொல்லலாமே என்று சிலர் கூறுவது எனக்கும் உடன்பாடே, குழாய் வெடித்துக் குருதி கசியும் வகைக்கு அது பொருந்தாது என்ற ஒரு வரம்போடு. பக்கவாதங்களில் பத்தில் எட்டுக்கும் மேற்பட்டவை அடைப்பால் வருபவை. இவ்வுரையில் நான் சொல்பவை அவற்றைப் பற்றியவையே.

இன்னொரு சொல்லையும் இங்கேயே தீர்த்துவிடுகிறேன். மருத்துவர்கள் இதற்கு முன் ஓர் அடை சேர்ப்பார்கள். அதை நாம் 'தீவிர' என்று பெயர்த்துவருகிறோம். 'தீவிரப் பக்கவாதம்' என்று கேட்கும் தமிழர், நோய் மிகக் கடுமையானது என்று கொள்வார். மருத்துவர் சொல்ல வந்ததோ திடீரெனத் தொடங்கியது, இன்னும் தொடக்க நாட்களில் இருக்கிறது என்பதுதான். காலத்தைச் சொல்லும் சொல்லை அளவைச் சொல்லும் சொல்லாக மாற்றிவிட்டோம். 'திடீர்' என்பதை மேடைத் தமிழ் ஏனோ தாழ்வாக நினைக்கிறது. இங்கு அதுவே சரியான சொல்.

இனி வெள்ளணு. அது உண்மையில் வெள்ளையன்று, நிறமற்றது. குருதியைக் கண்ணாடிக் குழலில் வைத்துச் சுழற்றினால், அடியில் தங்கும் சிவப்பணுக்களுக்கும் மேலே நிற்கும் தெளிநீருக்கும் இடையே மெல்லிய வெண்படலமாக அது ஒதுங்கும். பெயர் அவ்வாறு வந்தது. 'அணு' என்ற சொல்லை நாம் பௌதிகத்துக்கும் கொடுத்து உயிரியலுக்கும் கொடுத்திருக்கிறோம் என்ற குறை உண்டு. இலங்கைப் பாடநூல்களில் இது 'வெண்குழியம்'. மேலைநாட்டுக் கலைச்சொல்லின் கிரேக்க வேரும் உள்ளீடற்ற கலம் என்றே பொருள்படுவது. குழியம் என்பது அந்த வேர்ப்பொருளோடு அழகாகப் பொருந்தி நிற்கிறது. எனினும் இந்நாட்டில் பழகிய சொல் வெள்ளணு என்பதால் அதையே கையாள்கிறேன்.

வெள்ளணுக்களில் பல வகை. அவற்றைப் பிரித்தறிய வழி செய்தவர் ஜெர்மனியின் பால் எர்லிக். 1879 முதல் அவர் சாயப்பொருள்களைக் கொண்டு குருதி அணுக்களுக்கு நிறமேற்றிப் பார்த்தார். அமிலச் சாயத்தை ஏற்றது ஒன்று, காரச் சாயத்தை ஏற்றது ஒன்று, நடுநிலைச் சாயத்தை ஏற்றது ஒன்று. மூன்றாவதற்கு நியூட்ரோஃபில் என்று பெயர், நடுநிலையை விரும்புவது என்று பொருள். இதனை 'நடுநிலை நாடி' என்று தமிழாக்கியோர் உண்டு. சொல்லாக்கம் நேர்த்தியானதுதான். ஆனால் நோயாளியின் வீட்டாரிடம் 'நடுநிலை நாடி கூடியிருக்கிறது' என்று சொன்னால், மணிக்கட்டைத் தொட்டுப் பார்ப்பார்கள். நான் நியூட்ரோஃபில் என்றே சொல்லப் போகிறேன். வினோதம் என்னவெனில், அந்தப் பெயர் அந்த அணு செய்யும் வேலையைப் பற்றி எதுவுமே சொல்லவில்லை. ஆய்வுக்கூடத்து மேசையில் அது எந்தச் சாயத்தைக் குடித்தது என்பதை மட்டும் சொல்கிறது.

வேலையைப் பார்த்தவர் மற்றொருவர், ருஷ்யாவின் இலியா மெச்னிக்கோஃப். 1882இல் இத்தாலியின் மெஸ்ஸினா நகரில், கண்ணாடி போன்ற உடலுடைய நட்சத்திரமீன் குஞ்சுகளுக்குள் முள்ளைச் செருகிவிட்டு, மறுநாள் காலை நுண்ணோக்கியில் பார்த்தார். நகரும் அணுக்கள் முள்ளைச் சூழ்ந்து மொய்த்திருந்தன. அவற்றுக்கு 'உண்ணும் அணு' என்ற பொருளில் பெயரிடப்பட்டது. 1908இல் எர்லிக்கும் அவரும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

அது கிருமிகள் ஒவ்வொன்றாகக் கண்டுபிடிக்கப்பட்டுவந்த காலம். உடல் ஒரு கோட்டை, கிருமி பகைவன், வெள்ளணு படைவீரன் என்ற படிமம் உலக மொழிகள் அனைத்திலும் பரவியது. எர்லிக்கே பின்னாளில் மருந்தை 'மாயத் தோட்டா' என்றார். நம் பள்ளிப் பாடங்களிலும் வெள்ளணு வாளேந்தி நிற்கும் படைவீரன்தான். குழந்தைகளுக்கு அது எளிதில் விளங்குகிறது. என் அக்காவின் மனத்தில் இருந்ததும் அதுவே. ஆனால் மெச்னிக்கோஃபின் ஆய்வை மறுபடியும் நினைத்துப் பாருங்கள். அங்கே இருந்தது கிருமியன்று, ஒரு முள். பகைவன் இல்லாத இடத்திலும் அந்த அணுக்கள் ஓடிவந்து மொய்த்தன.

பக்கவாதம் வந்த மூளையிலும் பகைவன் இல்லை.

அங்கே நடப்பதை வரிசையாகச் சொல்கிறேன். மூளை நம் எடையில் ஏறத்தாழ 2 விழுக்காடு, ஆனால் உடல் பயன்படுத்தும் ஆக்சிஜனில் ஐந்தில் ஒரு பங்கை அது எடுத்துக்கொள்கிறது. குருதி நின்ற சில நிமிடங்களில் அடைப்பின் நடுப்பகுதி சாகத் தொடங்கும். சாகும் நரம்பணு வெடித்துத் தன் உள்ளிருப்பை வெளியே கொட்டும். உள்ளே இருக்க வேண்டிய பொருள்கள் வெளியே கிடப்பதே அபாய அறிவிப்பு. மூளையிலேயே குடியிருக்கும் மைக்ரோகிளியா என்ற அணுக்கள் அதை முதலில் உணர்கின்றன. குருதிக்குழாயின் உட்சுவர் வழுவழுப்பை இழந்து பிசுபிசுப்பாகிறது. எலும்பு மஜ்ஜையும் மண்ணீரலும் நியூட்ரோஃபில்களைக் குருதியில் இறக்கிவிடுகின்றன. சில மணி நேரத்துக்குள் சோதனைத்தாளில் எண்ணிக்கை ஏறுகிறது. அக்கா முதல் நாள் கேட்ட செய்தி அதுதான்.

வந்த நியூட்ரோஃபில்கள் சுவரில் உருள்கின்றன, ஒட்டுகின்றன, சில நெளிந்து உள்ளே புகுகின்றன. ஒரு நியூட்ரோஃபில் மூளையின் மிக நுண்ணிய தந்துகியைவிடப் பருமனானது. இயல்பு நாளில் உடலைச் சுருக்கி நழுவிச் செல்லும். தூண்டப்பட்ட நிலையில் அது விறைத்து, அங்கேயே அடைத்துக்கொள்ளும். பெரிய குழாயின் கட்டியை மருத்துவர் வெற்றியுடன் நீக்கிய பிறகும், உள்ளே சில தந்துகிகளில் குருதி ஓடாமல் நிற்பதற்கு இது ஒரு காரணம் என்று விலங்காய்வுகள் காட்டுகின்றன. உள்ளே புகுந்தவை, கிருமிக்காக வைத்திருந்த நொதிகளையும் ஆக்சிஜன் நச்சுகளையும் உமிழ்கின்றன. குருதிக்கும் மூளைக்கும் இடையேயுள்ள தடுப்புச் சுவரை அந்த நொதிகள் அரிக்கின்றன. மூளை வீங்குகிறது. சிலருக்கு அங்கே குருதியும் கசிகிறது.

இன்னொரு செயலும் உண்டு. தன் கருவிலுள்ள டிஎன்ஏ இழைகளையே வெளியே வலைபோல வீசிக் கிருமியைச் சிக்கவைக்கும் வழக்கம் நியூட்ரோஃபிலுக்கு இருக்கிறது என்பது 2004இல் பெர்லினில் கண்டறியப்பட்டது. பத்தாண்டுகளுக்கு மேல் கழிந்த பின், பக்கவாத நோயாளிகளின் மூளையிலிருந்து வெளியே இழுத்தெடுத்த குருதிக்கட்டிகளை அறுத்துப் பார்த்தபோது, அவற்றுக்குள்ளும் அந்த வலை இருந்தது. கட்டியைக் கரைக்கும் மருந்து குறிவைப்பது ஃபைப்ரின் என்ற புரத நாரை. டிஎன்ஏ வலையை அது தொடாது. சில கட்டிகள் ஏன் கரைய மறுக்கின்றன என்பதற்கு இது விடையின் ஒரு பகுதி.

ஆக, 'வெள்ளணு கூடினால் நல்லதுதானே' என்பதற்கு விடை: கிருமி இருக்கும் இடத்தில் நல்லது. கிருமி இல்லாத, இடுக்கமான, மென்மையான ஓரிடத்தில் அதே செயல்கள் சேதத்தைப் பெருக்குகின்றன.

அப்படியானால் வெள்ளணுவைத் தடுத்துவிடலாமே என்று உங்களுக்குத் தோன்றும். மருத்துவ உலகுக்கும் தோன்றியது. எலிகளுக்குச் செய்தபோது மூளைச் சேதம் குறைந்தது. நியூட்ரோஃபில் ஒட்டும் பிடிப்பை மறைக்கும் மருந்து ஒன்றை 600க்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் சோதித்து 2001இல் முடிவை வெளியிட்டார்கள். மருந்து பெற்றோர் நலமடையவில்லை. பெறாதோரைவிட மிகுதியாக இறந்தார்கள். அந்த எதிர்ப்பொருள் எலியிடமிருந்து ஆக்கப்பட்டது என்பதால், மனித உடல் அதையே அயலாகக் கண்டு, வெள்ளணுக்களை மேலும் தூண்டியிருக்கலாம் என்பது தரப்பட்ட விளக்கங்களுள் ஒன்று. 2003இல் வெளிவந்த வேறொரு மருந்தின் சோதனை, பயன் இல்லை என்று இடையிலேயே நிறுத்தப்பட்டது. 2017இல் வெளிவந்த மற்றொன்றிலும், சேதப்பகுதி பெரிதாவதை மருந்து குறைக்கவில்லை.

இந்தத் தோல்விகளை நான் சற்று விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 'படைவீரன்' என்ற படிமம் பொய்த்ததும், நம் மனம் உடனே 'துரோகி' என்ற படிமத்துக்குத் தாவுகிறது. நம் செய்தித்தாள்களிலும் 'உடலே உடலைத் தாக்கும் விபரீதம்' என்பது போன்ற தலைப்புகளைப் பார்த்திருப்பீர்கள். துரோகி என்றால் ஒழித்துவிட வேண்டியதுதானே? ஆனால் சில நாள் கழித்து, மோனோசைட் என்ற வெள்ளணுக்கள் வந்து, உருமாறி, செத்த நரம்பணுக்களின் சிதைவையும் வேலை முடிந்து மடிந்த நியூட்ரோஃபில்களையும் விழுங்கி அகற்றுகின்றன. அது நடக்காமல் காயம் ஆறாது. முதல் நாள் தீங்கு செய்த அதே அழற்சியின் தொடர்ச்சிதான் இரண்டாம் வாரத்தில் நன்மை செய்கிறது. அழற்சி என்ற நம் சொல் அழலிலிருந்து பிறந்தது. நெருப்பு அடுப்பிலும் இருக்கிறது, கூரையிலும் பற்றுகிறது என்பதை அந்தச் சொல்லை ஆக்கியவர்கள் மறைக்கவில்லை.

இப்போது அக்காவின் இரண்டாவது கேள்வி. எனக்கு இது முதற்கேள்வியைவிடக் கனமானது.

பக்கவாதம் வந்த சில மணி நேரத்திலேயே, மூளையில் அழற்சி எரிந்துகொண்டிருக்கும்போதே, உடலின் ஏனைய பகுதிகளில் எதிர்ப்பாற்றல் தணிந்துவிடுகிறது. அடிபட்ட மூளை, அட்ரினலின் இனத்துச் சுரப்புகளையும் கார்ட்டிசோலையும் பெருக்குகிறது. லிம்ஃபோசைட் என்ற வெள்ளணுக்கள் குறைகின்றன. மண்ணீரல் சுருங்குவதும் காணப்பட்டிருக்கிறது. 2003இல் பெர்லின் ஆய்வாளர்கள் எலிகளில் இதைத் தெளிவாகக் காட்டினார்கள். பக்கவாதம் உண்டாக்கிய எலிகளுக்கு நிமோனியா வந்தது. அட்ரினலின் இனச் சுரப்புகளின் செயலைத் தடுக்கும், குருதியழுத்தக்காரர்கள் பலருக்கும் பழக்கமான வகை மருந்தொன்றைக் கொடுத்தபோது அந்தத் தொற்று பெரிதும் தவிர்க்கப்பட்டது.

சோதனைத்தாளைப் பாருங்கள். நியூட்ரோஃபில் ஏறியிருக்கும், லிம்ஃபோசைட் இறங்கியிருக்கும். மொத்த எண்ணிக்கை கூடுதலாகவே தெரியும். முன்னதைப் பின்னதால் வகுத்துவரும் விகிதம் உயர்ந்திருப்போருக்கு நோயின் போக்கு பொதுவாக மோசமாக இருப்பதைப் பல ஆய்வுகள் கண்டிருக்கின்றன. எண்ணிக்கை ஒருபுறமிருக்க, ஆற்றல் வேறு. பக்கவாத நோயாளிகளின் குருதியை எடுத்துச் செய்த ஆய்வொன்றில், நியூட்ரோஃபில்கள் கிருமியை விழுங்குவது குறையவில்லை, ஆனால் அதைக் கொல்ல வேண்டிய ஆக்சிஜன் நச்சை உண்டாக்கும் திறன் குறைந்திருந்தது. விழுங்குகிறது, ஆனால் முன்போல் கொல்ல முடிவதில்லை. இந்த ஒரு வாக்கியத்தில் அக்காவின் கேள்விக்கு விடை இருக்கிறது.

நான் அன்று என்ன சொன்னேன்? 'எதிர்ப்பு சக்தி' என்றேன். தமிழில் இன்று அந்த ஒரு தொடரே அணுக்களின் எண்ணிக்கையையும், அவற்றின் திறனையும், உடலின் பொது வலிமையையும், கசாயப் பொட்டலத்தின் மேல் அச்சிட்ட வாக்குறுதியையும் ஒருசேரக் குறிக்கிறது. அளவு கூடினால் சக்தி கூடும் என்பது அந்தத் தொடருக்குள்ளேயே அமர்ந்திருக்கும் கருத்து. அக்கா தவறாகப் புரிந்துகொள்ளவில்லை. நான் கொடுத்த சொல்லைச் சரியாகப் புரிந்துகொண்டார்.

தொற்று வருமுன்னரே எல்லாருக்கும் கிருமிக்கொல்லி மருந்து கொடுத்துவிட்டால் என்ன என்ற எண்ணமும் சோதிக்கப்பட்டது. நெதர்லாந்தில் 2500க்கும் மேற்பட்டோரிடமும், பிரிட்டனில் விழுங்கும் ஆற்றல் குன்றியோரிடமும் நடந்த இரு பெரிய ஆய்வுகள் 2015இல் வெளிவந்தன. நோயாளிகளின் மீட்சியில் முன்னேற்றமில்லை. பிரிட்டனில் நிமோனியாவும் குறையவில்லை. எனவே தடுப்பில் இன்று மிகுந்த கவனத்துக்குரியது, மிக எளிய ஒரு செயல்: வாய்வழியே எதையும் கொடுக்குமுன் நோயாளியால் விழுங்க முடிகிறதா என்று சோதிப்பது. பக்கவாதத்தில் தொண்டைத் தசைகளும் தளர்கின்றன. உணவுக்குழாய்க்குப் போக வேண்டிய நீர் மூச்சுக்குழாய்க்குப் போகிறது, சில சமயம் இருமல்கூட எழாமல். நலமான உடலில் அந்தத் துளி நீரோடு இறங்கும் கிருமிகளை வெள்ளணுக்கள் தீர்த்துவிடும். அந்த வாரத்தில் அவற்றால் முடிவதில்லை.

அத்தானின் கட்டிலுக்கு மேல் ஓர் அட்டை தொங்கியது. 'வாய்வழியே எதுவும் கூடாது' என்பதன் ஆங்கிலம். தாதியும் சொன்னார். நான் அதை மொழிபெயர்த்து, "ஒன்றும் கொடுக்கக் கூடாதாம் அக்கா" என்றேன். அந்த 'ஆம்' விகுதியைக் கவனியுங்கள். பிறர் சொன்னதை நான் எடுத்துச் சொல்கிறேன், பொறுப்பு எனதன்று என்று காட்டும் விகுதி. நான் மாணவர்களுக்கு அதை நடத்தியிருக்கிறேன். காரணத்தை நான் சொல்லவில்லை, எனக்குத் தெரியவும் தெரியாது. இரண்டாம் நாள் இரவு, அத்தானின் உதடு காய்ந்து வெடித்திருப்பதைப் பார்க்கப் பொறுக்காமல், அக்கா வீட்டிலிருந்து கொண்டுவந்த பார்லித் தண்ணீரைக் கரண்டியால் நாலு வாய் புகட்டினார். நாற்பத்து மூன்று ஆண்டுகள் உடன் வாழ்ந்தவர் செய்யக்கூடியதுதான். நிமோனியா அதனால்தான் வந்தது என்று எவராலும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. தன் எச்சிலே புரையேறி நோயுற்றோர் எத்தனையோ பேர். ஆனால் அக்கா அதைப் பல மாதம் கழித்து என்னிடம் சொன்னபோது, அவர் அதுவரை யாரிடமும் சொல்லாமல் சுமந்துகொண்டிருந்தார் என்பது தெரிந்தது. கட்டளையை மட்டும் மொழிபெயர்த்து, காரணத்தை விட்டுவிட்டவன் நான்.

அதன் பிறகு, வீட்டாருக்கு இதை எப்படிச் சொல்வது என்று எழுதிப் பார்க்கத் தொடங்கினேன். முதலில் வேறு உவமை தேடினேன். தீயணைப்பு வீரர்கள் நெருப்பில்லாத வீட்டில் நீரைப் பாய்ச்சி நாசம் செய்வதாக எழுதினேன். அது முதல் நாளுக்குப் பொருந்தியது, நான்காம் நாளுக்குப் பொருந்தவில்லை. துப்புரவுப் பணியாளர் என்று எழுதினேன், இரண்டாம் வாரத்துக்கு மட்டும் பொருந்தியது. எந்தப் பெயர்ச்சொல்லைக் கொண்டுவந்தாலும், அது தன் குணத்தை அணுவின் மேல் ஏற்றிவிடுகிறது. வீரன் எப்போதும் வீரன், துரோகி எப்போதும் துரோகி. வெள்ளணுவோ நாளுக்கு நாள், இடத்துக்கு இடம் வேறொன்றைச் செய்கிறது. செய்வதைச் சொல்ல மொழியில் இருப்பது வினைச்சொல். ஒட்டும், அடைக்கும், புகும், உமிழும், அரிக்கும், வலைவீசும், விழுங்கும், அகற்றும். இவற்றில் ஒன்றுகூடக் கலைச்சொல் அகராதியில் தேட வேண்டியதன்று. சொல்லாக்கக் குழுக்களில் நானும் பல ஆண்டுகள் அமர்ந்திருக்கிறேன். நாங்கள் ஆக்கியவை ஏறத்தாழ அனைத்தும் பெயர்ச்சொற்கள். வினைச்சொல் பட்டியல் ஒன்றை எந்தக் குழுவும் எங்களிடம் கேட்டதில்லை.

தமிழில் மருத்துவம் சொல்வது நமக்குப் புதிதன்று. 1847இல் யாழ்ப்பாணத்துக்கு வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார், நூல்களைத் தமிழாக்கினார். பெயர்கள் சில மாறிவிட்டன. தமிழால் இயலும் என்பதை அவர் காட்டிச் சென்று நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாகிறது.

மருத்துவ நண்பர் ஒப்பிய பின், நான் எழுதிய பத்தி இது: 'மூளைக் குழாய் அடைபட்டதும் வெள்ளணுக்கள் அங்கே ஓடிவருகின்றன. அங்கே கிருமி இல்லை. அவை குழாயில் ஒட்டி அடைக்கின்றன, உமிழும் நொதியால் மூளை வீங்குகிறது. அதனால் எண்ணிக்கை கூடுவது நல்ல செய்தியன்று. அதே வேளையில், உடலின் மற்ற இடங்களில் அவற்றால் முன்போல் கிருமியைக் கொல்ல முடிவதில்லை. இந்த நாட்களில் ஒரு துளி நீர் மூச்சுக்குழாயில் இறங்கினாலும் நிமோனியா வரலாம். விழுங்கும் சோதனை முடியும்வரை தண்ணீர்கூடப் புகட்ட வேண்டாம். உதடு காய்ந்தால் தாதியிடம் சொல்லுங்கள், ஈரப்பஞ்சால் ஒற்றிவிடுவார்.'

அத்தான் இப்போது ஊன்றுகோலோடு நடக்கிறார். என்னை இன்னும் பெயர் சொல்லி அழைக்க வரவில்லை, சிரிக்கிறார். இந்தப் பத்தியை அக்காவிடம் படிக்கக் கொடுத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு இருமுறை படித்தார். கடைசி வரிக்கு வந்ததும் பேனாவைக் கேட்டு வாங்கி, 'தாதியிடம் சொல்லுங்கள்' என்பதற்கு முன் 'எந்த நேரமானாலும்' என்று சேர்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.